காது நுனி வரை

மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஓர் அளவு.
தரையிலிருந்து காது நுனி வரை இன்னொன்று.
படிவம் அவ்வளவுதான் சொல்கிறது.
எந்தக் காது என்று சொல்லவில்லை.

வலது காது விறைத்து நிற்கும்.
இடது காதில் நகராட்சி மாட்டிய மஞ்சள் கம்மல்.
மாமன் மடியில்லை, மொட்டையில்லை, விருந்தில்லை,
பதூமி வீதியில் வலைபோட்டுப் பிடித்துக் குத்திய காது
அன்று மடிந்தது, பிறகு எழவேயில்லை.
இரண்டுக்கும் நடுவே ஒன்பது சென்டிமீட்டர்.
கூண்டு விற்பவன் நிமிர்ந்த காதைத்தான் கணக்கில் எடுத்தான்.

பதினோரு வருடம் கிரேன் ஓட்டினேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து
பெட்டிகளை எடுத்துப் பெட்டிகள்மேல் வைத்தவள்.
உள்ளே என்ன என்று கேட்டதில்லை.
எடை சொல்வார்கள், போதும்.
இப்போது என்னை எடை சொல்லச் சொல்கிறார்கள்.
முப்பத்தொரு கிலோ.
எட்டுக்கு மேல் போனால் அது பயணியில்லையாம்,
சரக்கு.

உரிமையாளர் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
எங்கள் முற்றத்தில் எட்டு வீடு, நாய்க்கு ஆறு பெயர்.
ரொட்டிக்கடை ஸவுரிக்குப் பொம்போரா.
இரண்டாம் மாடி இரட்டையருக்குத் ததுனா.
ஸினாய்தா துச்கா என்பாள், மேகக்குட்டி என்று அர்த்தம்.
டாக்ஸி ஓட்டும் ஒத்தியாவுக்கு வெறும் 'ஏய்'.
மற்ற ஒன்று வாய்விட்டுச் சொல்லக்கூடியதில்லை.
நான் ஜெக்கா என்றேன்.
நான் போட்டதெல்லாம் வாரம் இரண்டு எலும்பு.
ஆனால் இரவுப்பணி முடிந்து மூன்று மணிக்கு
துறைமுக வாசலில் எனக்காக நின்றது அது ஒன்றுதான்.
வேறு பத்திரம் என்னிடம் இல்லை.
மனானா என்று எழுதினேன்.

முதலில் அதன் ரத்தம் போனது.
இரண்டு சிறு குப்பி, ஐஸ் சுற்றி, ஜெர்மனிக்கு.
நாய் இங்கே வெயிலில் மல்லாந்து கிடக்க
ரத்தம் வெளிநாடு பார்த்துவிட்டது.
அங்கே யாரோ அதை ஒளியில் பிடித்துப் பார்த்து
வெறிநோய் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டார்கள்.
அதற்குப் பிறகும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

கதான்ஸ்க் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.
சேரும் தேதியைத் தள்ள முடியுமா?
பிள்ளைக்குப் பள்ளியா என்றாள் அந்தப் பெண்.
நாய் என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
கணவன் என்று சொல்லியிருக்கலாம்.
பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: என்ன வயது?

கூண்டை முற்றத்தில் திறந்து வைத்தேன், பழகட்டும் என்று.
முதல் வாரம் இரட்டையர் உள்ளே வீடு கட்டினார்கள்.
அடுத்த வாரம் ஸினாய்தாவின் கோழி முட்டையிட்டது.
நாய் தூரத்தில் உட்கார்ந்து
யாருக்கோ வந்த சாமான்போல் பார்த்துக்கொண்டிருந்தது.
ஊர்ப் பொதுவை ஒருத்தி பெட்டியில் அடைக்கிறாள்
என்று ஒத்தியா என்னிடம் சொல்லவில்லை,
கேட்கும்படி டாக்ஸியிடம் சொன்னான்.
ஒருநாள் கடல்மழை பிடித்தது.
தானாகவே உள்ளே போனது.
கதவைச் சாத்தினேன், ஒரு நிமிடம்.
'க்ளிக்.'
கப்பலில் பெட்டி பூட்டிக்கொள்ளும் அதே சத்தம்.
ஆயிரம் முறை கேட்டதுதான்.
அன்று கை நடுங்கியது.

இப்போது இங்கே பால்டிக் காற்று.
படியேறி வருகிறவர்கள் என்ன பெயர் என்கிறார்கள்.
சான்றிதழில் உள்ளதைச் சொல்கிறேன்.
ஞாயிறு மாலை முற்றம் முழுக்க ஒரே போனில் வந்தது.
ததுனா என்றார்கள், வால் ஆடியது.
துச்கா என்றாள், ஆடியது.
ஏய் என்றான். அதற்கும் ஆடியது.
ஸவுரி மட்டும் கூப்பிடவில்லை.
அங்கே ரொட்டி எப்படி, கல்லு மாதிரியா
என்று என்னைக் கேட்டான்.

அந்தக் குரலுக்கு
மடிந்த காது ஒரு விரல்கடை எழுந்தது.
நாய் போனைப் பார்க்கவில்லை.
கதவருகே போய் நின்றது.
மணி ஒன்பது, வெளியே பனி.
பேசிக்கொண்டே
நான் செருப்பைத் தேடினேன்.